ரெண்டு விரல்

அண்ணாச்சி, ஜன்னலோரத்துல நீங்க இருந்துக்கிடுங்க. எனக்கு வேண்டாம். வெயிலு கண்ணு வழியா மண்டைக்குள்ள எறங்குது. அதுக்காக எனக்கு ஒடம்புக்கு என்னமோன்னு நெனச்சுராதீங்க, ஒண்ணும் கெடையாது. வெயிலு யாருக்குத்தான் பிடிக்கும்?

எந்த ஊரு நீங்க? தோவாளையா. பூ யாவாரமா? கொள்ளாம், நல்லது. ஆனா கையில பூவையும் காணோம் கூடையையும் காணோமே. சரி, நான் கேக்கப்பிடாது. மூணு சீட்டு காலியா கெடக்கு, நீங்க வந்து என் பக்கத்துல இருக்கீங்க, அதான் கேட்டேன். பரமு அனுப்புன ஆளு இல்லையே? பரமார்த்தலிங்கம். தெரியாதா? சத்தியமா? சரி, நம்புகேன். இந்தக் காலத்துல எவனையும் நம்ப முடியல பாத்துக்கிடுங்க.

காலையா பாக்கீங்க? ஷூ புதுசு, கடிக்கி. அதான் கழத்தி மாட்டுகேன்.

என் பேரு டென்சிங். கடக்கரைப் பக்கம் ஒரு காலேஜுல பி.டி. சார். முப்பது வருசம் சர்வீசு. ஃபுட்பால்தான் எனக்கு எல்லாம். நான் ஆடுன காலத்துல ஸ்டேட்டுக்கு ஆடியிருக்கேன். நான் ஆடப் பழக்குன பிள்ளைகள்ல எட்டு பேரு போலீஸ்ல இருக்கானுக, ரெண்டு பேரு ரயில்வேயில இருக்கானுக. பேரு ஊரு வருசம் எல்லாம் கேளுங்க, சொல்லுகேன். எனக்கு மறதிங்குறதே கெடையாது.

இப்ப திருநெல்வேலியில ஒரு கூட்டம். யூனிவர்சிட்டியில. பதினோரு மணிக்கு. ஃபுட்பால் டீம் உள்ள பதிமூணு காலேஜு பி.டி.யும் வாறாங்க. ஒரு விதி கொண்டுவரப் போறானுக. எதிராளி தலையில முழங்கை பட்டாலோ, முழங்கால் பட்டாலோ, பூட்ஸு பட்டாலோ, செவப்புக் கார்டு. அதோட முடியல. அந்த சீசன் பூரா ஆடக்கூடாது. அடுத்த வருசமும் ஆடக்கூடாது. போன மாசமே ஓட்டு போட்டானுக. வேணும்னு ஆறு பேரு, வேண்டாம்னு ஆறு பேரு. நான் மட்டும் கையைத் தூக்கல, யோசிச்சு சொல்லுகேன்னு எந்திச்சு வந்துட்டேன். இன்னைக்கு எல்லாரும் என் கையைத்தான் பாத்துக்கிட்டு இருப்பானுக.

விதிங்கானுக. விதியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. எங்க ஷிபினுக்கு வச்ச குழி அது. போன நவம்பர்ல நடந்த மேட்ச்ல இருந்தே அமல்னு அடியில ஒரு வரி போட்டிருக்கானுக, அதுலயே தெரியலையா?

ஷிபின் என் ஸ்டாப்பர் பேக். கோலுக்கு முன்னால நடுவுல செவரு மாதிரி நிப்பான். கடைசி வருசம். அவன் அப்பா கடல்ல தொழில் பாக்காரு. இவனுக்குக் கடல் ஒத்துக்கிடாது. வள்ளத்துல ஏறுனா கொடலே வெளிய வந்துரும். ஊர்ல எல்லாரும் சிரிக்காங்க. அந்தப் பயலுக்கு இருக்குறது ஃபுட்பால் மட்டும்தான். ஜனவரியில யூனிவர்சிட்டி டீம்ல ஆடப் போறான். ஆடுனா சர்டிபிகேட்டு. சர்டிபிகேட்டு இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலை. இந்த விதி வந்தா எல்லாம் போச்சு. போயி வள்ளத்துல ஏறி வாந்தி எடுக்க வேண்டியதுதான்.

என்ன செஞ்சான்னு கேளுங்க. ஒண்ணும் செய்யல.

அரை இறுதி. எங்க கிரவுண்டு. எதுத்து ஆடுனது பரமு பி.டி.யா இருக்குற காலேஜு. நாங்க ஒரு கோல் முன்னால. இன்னும் இருவது நிமிசம் கெடக்கு. அவனுகளுக்கு ஒரு கார்னர். பந்து மேல தூக்கி வருது. அவனுக டீம்ல மெர்வின்னு ஒரு பய, வத்தலா இருப்பான், ஆனா நல்லா குதிப்பான். அவன் குதிச்சான். எங்க ஷிபினும் குதிச்சான். குதிக்கும்போது முழங்கையை ரெண்டு பக்கமும் விரிச்சு வைக்கணும். நாங்க அதுக்குக் கொம்புன்னு பேரு வச்சிருக்கோம். மாட்டுக்குக் கொம்பு எதுக்கு? குத்தவா? பக்கத்துல வராதேன்னு காட்டத்தான். நான்தான் சொல்லிக் குடுக்கேன். கோல் போஸ்ட்டு மேல்கம்பியில கயிறு கட்டி ஒரு தேங்காயைத் தொங்கவிடுவேன். பந்து நெத்தியில படணும், முழங்கை தேங்காயில படணும். தேங்காய் ஒரு ஆட்டம் ஆடுனாத்தான் மேட்ச்ல எறங்க விடுவேன். முப்பது வருசத்துல எத்தனை தேங்காய் ஒடஞ்சிருக்குன்னு எங்க ஹாஸ்டல் சமையக்காரன்ட்ட கேளுங்க.

அன்னைக்குக் கேட்ட சத்தமும் அந்தச் சத்தம்தான். காதோரத்துப் பொட்டுக்கு மேல பட்டுச்சு. பய விழுந்தான்.

மொதல்ல ஓடுனது யாரு? நான். இத எவனும் வெளிய சொல்ல மாட்டான். எதிர் டீம் பயதானேன்னு நான் நிக்கல. தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு ஓடுனேன். மூஞ்சியில அடிச்சேன். கண்ணைத் தெறந்தான். ரெண்டு விரலைக் காட்டி, "எத்தனைல?"ன்னு கேட்டேன். "ரெண்டு சார்"னான். முடிஞ்சுது. எந்திக்க வச்சு, முதுகுல ஒரு தட்டு தட்டி, "போ, ஆடு"ன்னு அனுப்புனேன். ரெஃப்ரி ஷிபினுக்கு மஞ்சக் கார்டு காட்டுனாரு, ஆட்டம் நடந்துச்சு.

நம்ம மாவட்டத்துல எந்த கிரவுண்டுக்குப் போனாலும் ரெண்டு விரல்தான் அண்ணாச்சி. எனக்கு எங்க சார் காட்டுனாரு. நான் எங்க பிள்ளைகளுக்குக் காட்டுகேன். அதுல என்ன தப்பு? மூணு காட்டுனா ஆட்டக்காரன் கொழம்பிருவான்லா.

பதினஞ்சு நிமிசம் நல்லாத்தான் ஓடுனான். பொறவு எங்க கோல் பக்கத்துல, ஒருத்தனும் தொடல, பொத்துன்னு விழுந்தான். வாந்தி. ஆம்புலன்ஸு. ஆஸ்பத்திரி. பன்னண்டு நாளு. எவனோ ஃபோன்ல படம் பிடிச்சிருக்கான், அதை மெதுவா ஓட்டி ஓட்டிக் காட்டுகானுக. மெதுவா ஓட்டுனா கொசு கடிக்கிறது கூட கொலைக்குத்து மாதிரித்தான் தெரியும்.

இப்ப பஸ்ஸு நிக்குதே, இது எந்த ஊரு? ஆரல்வாய்மொழியா? அப்ப தோவாளை போயிட்டா? நீங்க தோவாளைன்னீங்களே, ஏன் எறங்கல? ஆங்... மக வீட்டுக்குப் போறீங்களா. திருநெல்வேலியிலயா. சரி, சரி. கோபப்படாதீங்க. நான் ஒண்ணும் தப்பா கேக்கல.

மொதக் கூட்டத்துல நடந்ததைச் சொல்லுகேன். ஒருத்தன் எந்திச்சு, "ஒரு மேட்ச் வெளிய வச்சாப் போதும்"னான். இன்னொருத்தன், "வேணும்னு அடிச்சா ஒரு வருசம், தெரியாமப் பட்டா ஒரு மேட்ச்"னான். நானும் அதைத்தான் சொன்னேன். பந்து தலை ஒசரத்துக்குத்தான் வருது, அப்ப தலையும் கையும் அங்கதான் இருக்கும், இதுல வேணும்னு எது, தெரியாம எதுன்னு பாத்துத்தானே தண்டிக்கணும்? அப்ப பரமு எந்திச்சான். பெரிய யோக்கியன் மாதிரி கையைக் கட்டிக்கிட்டு, "வேணும்னு பட்டுதா தெரியாமப் பட்டுதான்னு மண்டைக்குள்ள இருக்குறதுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டான். எல்லாரும் மேசையைத் தட்டுனானுக. நான் தட்டல.

கூட்டம் முடிஞ்சு வெளிய வாறேன், அவன் என்னையத் தேடி வாறான். "டென்சிங், வா, ஒரு டீ குடிப்போம்." எனக்கு அப்பவே சந்தேகம். முப்பத்தஞ்சு வருசமா எதுத்து நிக்கிற ஆளு, எதுக்கு இப்ப டீ? சரி, என்னதான் சொல்லுகான்னு பாப்போம்னு போனேன். டீயை என் கையில குடுத்தான். நான் அவன் குடிக்கிற வரைக்கும் குடிக்கல. சிரிக்காதீங்க, எல்லாத்துக்கும் ஒரு சாக்கிரதை வேணும்.

அவன் சொன்னான். "எண்பத்தெட்டு பைனல்ல ஒன்ன இடிச்சது நான்தாம்டே."

"தெரியும்ல. ஊருக்கே தெரியும். மண்டையில வாங்கிட்டு எந்திச்சு கோல் போட்டேன்ல"ன்னேன்.

ஆமா அண்ணாச்சி, அத ஒங்ககிட்ட சொல்லலையே நான். எண்பத்தெட்டு பைனல். இதே பரமு முழங்கையால என் பொட்டுல போட்டான். விழுந்தேன். எங்க சார் வந்து ரெண்டு விரல் காட்டுனாரு. ரெண்டுன்னேன். எந்திச்சு ஓடிப்போயி கோல் போட்டேன். அந்தக் கோல்ல ஜெயிச்சோம். எனக்கு ஆட்டம் ஓர்மை இல்ல, அன்னைக்கு ராத்திரி வரைக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல, ஆனா கோல் போட்டது நான்தான். கூட ஆடுன மக்கமாரு எல்லாரும் சொன்னானுக. என்னையத் தோளுல தூக்கிட்டுப் போனானுக. அதுக்குப் பொறவும் மூணு தடவை மண்டையில வாங்கியிருக்கேன். எனக்கு என்ன ஆச்சு? என்னையப் பாருங்க. ஏதாவது கொறை தெரியுதா?

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "கோல் போட்டது நீ இல்லடே. நீ லைனுக்கு வெளிய புல்லுல உக்காந்து, பூட்ஸக் கழத்தி கழத்தி மாட்டிக்கிட்டு இருந்த. கூப்புட கூப்புட வரல. ஜெயிச்ச பொறவு தூக்கிட்டுப் போனானுக, அது வாஸ்தவம். ஒனக்கு ஓர்மை இல்லைன்னு தெரிஞ்சும் உள்ளதை நாங்க எவனும் சொல்லல. ஒன் மனசு நோகும்னு விட்டுட்டோம்." அப்படிச் சொல்லிக்கிட்டே கண்ணைத் தொடைக்கான். "அந்த முழங்கையை நான் மறக்கல டென்சிங். இந்த விதி ஷிபினுக்காக இல்ல. ஒனக்காகத்தான்"ங்கான்.

எனக்காகவாம்! கேட்டீங்களா கூத்தை? முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு என் கோலைக் களவாண்டுட்டுப் போகப் பாக்கான். அந்தக் கண்ணீரை நான் நம்பல. டீக்கடைப் பொகையில யாருக்குக் கண்ணு கலங்காது? பாதி டீயை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்.

மறுபடியும் காலையே பாக்கீங்க. ஷூ கடிக்கின்னு சொன்னேன்லா. புதுசு. போன வருசம் வாங்குனது.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணிச்சு. இந்த மெர்வின் பய நடிக்கான். அவனை வீட்டுல வச்சுக்கிட்டு, அய்யோ பாவம்னு ஊரைக் காட்டி, ஷிபினை வெளிய தள்ளப் பாக்கானுக. நேருல போயி கையும் களவுமா பிடிச்சுருவோம்னு முடிவு பண்ணேன். சொல்லிட்டுப் போனா தயாரா இருப்பானுக. சொல்லாமப் போனேன். ஏத்தன்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கிட்டு, முன்வாசல் வழியா போகாம, பின்பக்கம் அடுக்களை வழியா போயி நின்னேன். அவன் அம்மா மீன் கழுவிக்கிட்டு இருந்தா. என்னையப் பாத்ததும், "சாரா? வாங்க சார், நீங்கதானே அன்னைக்கு மொதல்ல ஓடி வந்து தண்ணி குடுத்தது. மெர்வின் சொன்னான்"னா. அந்த அம்மா ஒரு நன்றியோட சொன்னா. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. ஆனா நான் எளகல. நன்றி சொல்லி மடக்குறதும் ஒரு வழிதானே.

உள்ள ஒரே இருட்டு. நட்டநடு மத்தியானம், ஜன்னல்ல சேலையைக் கட்டிப் போட்டிருக்கா. "வெளிச்சம் ஆகல சார்"னா. பொறவு ஒவ்வொண்ணா சொன்னா. படிக்கிறது மனசுல நிக்கலயாம். பேசிக்கிட்டே இருக்கும்போது எங்க விட்டோம்னு தெரியலயாம். அவங்க அப்பா நல்லதைச் சொன்னாலும் கத்துகானாம். "பைக்கு சாவியை நான் ஒளிச்சு வச்சேன்கான் சார். குழம்புல என்னமோ கலந்துட்டேன்கான். பெத்த தாயைப் பாத்து இப்படிச் சொல்லுகானே சார்"னு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. செவத்துல பூரா துண்டுக் காகிதம். 'இன்னைக்கு வெள்ளி.' 'மாத்திரை போட்டாச்சு.' 'அம்மா கடைக்குப் போயிருக்கா, ஆறு மணிக்கு வருவா.'

இதையெல்லாம் நான் எங்கயோ பாத்திருக்கேனே!

மெர்வின் கட்டுல்ல இருந்தான். என்னைப் பாத்து எந்திச்சான், மரியாதை தெரிஞ்ச பய. "குட் ஆஃப்டர்நூன் சார்"னான். நானும் சோதிச்சுப் பாப்போம்னு மூணு விரலைக் காட்டி, "எத்தனைல?"ன்னேன்.

"ரெண்டு சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"ரெண்டு சார். நான் ஆடுகேன் சார்."

அவன் அம்மா செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. அவன் குனிஞ்சான். கட்டுலுக்கு அடியில இருந்து பூட்ஸ எடுத்தான். மாட்டுனான். கயிறைக் கட்டுனான். அவுத்தான். கழத்துனான். திரும்ப மாட்டுனான். "எப்பவும் இதேதான் சார்"னா அவன் அம்மா.

எனக்குப் புரிஞ்சு போச்சு அண்ணாச்சி. அப்படியே புரிஞ்சு போச்சு! பூட்ஸு கதை பரமு டீக்கடையில சொன்னது. அதை அவன்தான் இந்தப் பயலுக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். வெளிச்சம் ஆகாது, சாவியைக் காணோம், குழம்புல என்னமோ, செவத்துல துண்டு, இது அம்புட்டும் எங்க வீட்டுக் கதை. என் கதை! என்னையப் பாத்து அப்படியே நடிக்கான் அந்தப் பய. அப்ப எங்க வீட்டுச் சமாச்சாரத்தை வெளிய கொண்டுபோயி சொன்னது யாரு? ஒரே ஆளுதான். எங்க வீட்டுக்காரி. புளோரி.

புளோரி பள்ளிக்கூடத்து டீச்சர். எழுத்து முத்து முத்தா இருக்கும். ஒரு வருசமா என் சட்டைப் பையில துண்டுக் காகிதம் வைக்கா. 'இன்னைக்கு வியாழன்.' 'கேஸ் அடுப்பை அணைச்சாச்சு, திரும்பிப் போகாண்டாம்.' 'கண்ணாடி நெத்தியில இருக்கு.' எதுக்கு இதெல்லாம்? நாலு பேரு முன்னால பையில கையை விட்டா இது வெளிய வரும், இவன் கோட்டி, பைத்தியம்னு ஊரு சொல்லும், அதுக்குத்தானே? நான் பாத்த எடத்துலயே கிழிச்சுப் போட்டுருவேன். அவ சாவியை ஒளிச்சு வைக்கா. நான் பத்தடி போறதுக்குள்ள ஃபோன் போடுகா. யார்ட்டயோ குசுகுசுன்னு பேசுகா, நான் போனா நிறுத்திருகா.

அன்னைக்கு மெர்வின் வீட்டுல இருந்து வந்து நேரா கேட்டேன். "பரமுட்ட எத்தனை நாளா பேச்சு?"ன்னு. அவ மறைக்கல. "ஆறு மாசமா பேசுகேன். டாக்டர்ட்ட ஒங்களைக் கூட்டிட்டுப் போக வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டீங்க, கூட ஆடுனவரு சொன்னா கேப்பீங்கன்னு நெனச்சேன்"னா. பாத்தீங்களா! நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சா இல்லையா? பொறவு அவ சொன்னா, "நானும் விரலைக் காட்டிப் பாத்தாச்சு, டென்சிங். நாலு விரலைக் காட்டுனேன்." அதுக்கு நான் என்ன சொன்னேன்னு எனக்கு ஓர்மை இல்ல. அவ காட்டுனதே எனக்கு ஓர்மை இல்ல. பொய் சொல்லுகா. அழுதுக்கிட்டே பொய் சொல்லுகா.

இன்னைக்குக் காலையிலயும் பையில ஒரு துண்டு கெடந்துச்சு. வடசேரி ஸ்டாண்டுல வச்சுப் பாத்தேன். 'இவர் பெயர் டென்சிங், வழி தவறினால் இந்த நம்பருக்கு'ன்னு எழுதியிருக்கா. சின்னப்பிள்ளை கழுத்துல கட்டிவிடுற மாதிரி! எனக்கு வந்த கோபத்துல, வெப்ராளத்துல சுக்குநூறாக் கிழிச்சு எறிஞ்சேன். அதுல கூட்டம் எந்தக் கட்டடம்னும் எழுதியிருந்தாளோ என்னமோ. பரவாயில்ல, கேட்டுப் போயிருவேன்.

நாங்குநேரி போயாச்சா? வெரசலாத்தான் வாறான்.

நீங்க எந்த ஊருன்னு சொன்னீங்க? ... தோவாளை. சொன்னீங்க, சொன்னீங்க. ஓர்மை இருக்கு. சும்மா சோதிச்சேன்.

இப்ப கூட்டத்துல நான் என்ன பேசப் போறேன்னு கேளுங்க. எந்திச்சு நிப்பேன். "நாலு தடவை மண்டையில வாங்குனவன் நான். எனக்கு வெளிச்சம் ஆகாது. எனக்கும் சாவியைக் காணாமப் போகும். எனக்கும் கோபம் வரும். நான் முப்பது வருசம் வேலை பாக்கலையா? அந்தப் பய என்னைய மாதிரி இருக்கான்னா, அவன் நல்லாத்தான் இருக்கான்னு அர்த்தம். இதுக்கு எதுக்கு ஒருத்தன் பொழப்பைக் கெடுக்கீங்க?" இப்படிக் கேப்பேன். எவனாவது பதில் சொல்லட்டும் பாப்போம்.

என்ன, அப்படிப் பாக்கீங்க? நம்பலையா? நீங்களே சோதிச்சுப் பாத்துக்கிடுங்க. வேற ஆளு வேண்டாம். விரலைக் காட்டுங்க. எத்தனை வேணும்னாலும் காட்டுங்க.

ரெண்டு.

சரிதானே? என்ன முழிக்கீங்க? ரெண்டுதானே?

...கையை இன்னும் தூக்கவே இல்லையா நீங்க?

இல்ல, இருங்க. இருங்க அண்ணாச்சி. நீங்க வெளையாடுகீங்க. தூக்கிட்டு எறக்கிட்டீங்க, இல்லையா? உள்ளதைச் சொல்லுங்க, நான் கோபப்பட மாட்டேன். முன்னால இருக்குற தாயி, நீங்க பாத்தீங்களா, இவரு கையைத் தூக்குனாரா? ... தூக்கலையா.

மடியிலதான் இருக்கு. ஆமா. ரெண்டு கையும் பையைப் பிடிச்சுக்கிட்டு மடியிலதான் இருக்கு.

அப்ப நான் எதைப் பாத்துச் சொன்னேன்?

அந்த கிரவுண்டுல, அண்ணாச்சி, அந்தப் பய என் விரலைப் பாக்கவே இல்ல. இப்பத்தான் எனக்கு வருது. அவன் கண்ணு என் தோளுக்கு மேல எங்கயோ இருந்துச்சு. எங்கயோ பாத்துக்கிட்டே ரெண்டு சார்னான். எனக்கு அது தெரிஞ்சுது. நமக்கு எதுத்த டீம்தானே, விடை சரியாச் சொல்லிட்டான்லா, அப்படின்னு முதுகுல தட்டி அனுப்புனேன். அந்தப் பதினஞ்சு நிமிசம் அவன் ஓடுனது நான் தட்டி அனுப்புனதுலதான். நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். பரமுவ, புளோரிய, அந்தப் பயலப் பெத்தவள. ஒங்களையும்தான். இந்த ரெண்டு விரலை ஒரு நாளும் சந்தேகப்படல. முப்பது வருசமா எத்தனை பயலுக பாக்காமச் சொன்னானுகளோ. போலீஸ்ல இருக்குற எட்டு பேருல எவன் எவன் வீட்டுல ஜன்னலுக்குச் சேலையைக் கட்டிக்கிட்டு இருக்கானோ.

ஒருவேளை கோலும் நான் போடலையோ?

வேண்டாம், நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்.

ஷிபினுக்கு நான் என்ன சொல்ல? அவன் எல்லாத்தையும் நான் சொன்ன மாதிரியேதான் செஞ்சான். கொம்பு அவனோடது இல்ல, என்னோடது. அவனுக்கு ஒரு வருசம்னா, சொல்லிக் குடுத்தவனுக்கு எத்தனை வருசம்னு அந்த விதியில இல்ல. அதைக் கேக்கணும். மொதல்ல அதைச் சேருங்க, ஷிபின் தண்டனையை எடுத்துட்டு அதை எனக்குப் போடுங்கன்னு கேக்கணும். எடுப்பானுகளா, மாட்டானுகளா, தெரியாது. எடுக்கலைன்னாலும் நான் கையைத் தூக்கணும். தூக்கிட்டு, அந்தப் பய வீட்டுக்குப் போயி அவன் முன்னால நிக்கணும். அவன் என்னைய அடிச்சாலும் நிக்கணும்.

புது பஸ் ஸ்டாண்டு வருதா? அண்ணாச்சி, ஒரு உதவி செய்யணும். பேனா வச்சிருக்கீங்களா? இந்தா என் டிக்கெட்டு. பின்னால எழுதுங்க. 'டென்சிங், விதி வேணும்னு கையைத் தூக்கு.' எழுதிட்டீங்களா? அடியில, 'ரெண்டு விரலை நம்பாதே.' அதுக்கும் கீழ ஒங்க பேரைப் போடுங்க. தோவாளை, பஸ்ஸுல பக்கத்துல இருந்தவரு, பரமு அனுப்புன ஆளு இல்லன்னு தெளிவாப் போடுங்க. அது இல்லைன்னா, அங்க போயி பையில கையை விட்டு எடுக்கும்போது, எவனோ கள்ளத்தனமா எழுதி வச்சிருக்கான்னு நான் இதையும் கிழிச்சுப் போட்டுருவேன்.